தமிழ் உடையாத திரை வேண்டும்: டெஸ்க்டாப் செயலிக்கு ஜியுஐ லைப்ரரி தேர்வது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டெஸ்க்டாப் செயலி எழுதத் தொடங்கும் கல்லூரி மாணவர்களும், அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம், அச்சகம் போன்ற இடங்களுக்குச் சிறு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களும் முதலில் கேட்பது, எந்த ஜியுஐ லைப்ரரியை எடுப்பது என்பதுதான். பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, அட்டவணை, மெனு என்று திரையில் தெரிவதையெல்லாம் வரைந்து தரும் நிரல் தொகுப்பு அது. எது எளிது, எது அழகு, எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்ற அளவிலேயே பெரும்பாலும் பதில் நின்றுவிடுகிறது. தமிழில் பெயரும் ஊரும் பதிவாக வேண்டிய செயலிக்கு அது போதாது. முதல் திரையை வரையும் முன்பே தமிழ், அச்சு, உரிமம், பயனரின் பழைய கணினி ஆகிய நான்கையும் சோதித்துவிட்டுத்தான் லைப்ரரியை முடிவு செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதம்.

பாதி வழியில் லைப்ரரியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜிம்ப் படத்தொகுப்பு மென்பொருளே சான்று. ஜிடிகே என்ற லைப்ரரி பிறந்ததே ஜிம்ப்புக்காகத்தான். ஜிடிகே 3 வெளியானது 2011-ல். ஜிம்ப் அதற்கு மாறிய 3.0 பதிப்பு வந்ததோ 2025 மார்ச்சில். அதற்குள் ஜிடிகே 4 வெளியாகி நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரே லைப்ரரியின் அடுத்த பதிப்புக்குப் போகவே இந்தப் பாடு என்றால், வேறு லைப்ரரிக்குத் தாவுவது திரைப்பகுதி முழுவதையும் மறுபடி எழுதுவதுதான்.

முதலில் தமிழ். யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து, முதலில் க, அதற்குப் பின் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். ‘கு’, ‘டு’, ‘ணு’ போன்றவற்றில் எழுத்துருவுக்குள் இருக்கும் தனி வடிவம் எடுத்து வைக்கப்பட வேண்டும். ஷேப்பிங் என்னும் இந்த வேலையை விண்டோஸில் யூனிஸ்கிரைப்பும் டைரக்ட்ரைட்டும், மேக்கில் கோர்டெக்ஸ்டும், லினக்ஸில் ஹார்ஃப்பஸும் செய்கின்றன. நீங்கள் எடுக்கும் லைப்ரரி இவற்றில் ஒன்றை அழைக்கிறதா, அல்லது குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக அடுக்கிவிட்டுப் போகிறதா என்பதே கேள்வி.

பைதான் நிரல்மொழியோடு சேர்ந்தே வருவதால் பலரும் டிகின்டர் லைப்ரரியை எடுக்கிறார்கள். அதன் அடியில் இருக்கும் டிகே 1991-ல் வெளிவந்தது. விண்டோஸில் இயங்குதளமே ஷேப்பிங் செய்துவிடுவதால் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளை எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் பகுதி வழியாக ஒவ்வொன்றாக வரைகிறது; ஷேப்பிங் கிடையாது. ‘பெயர்’ என்ற சொல்லில் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஆய்வகத்தில் விண்டோஸில் எழுதி, அரசு அலுவலகத்தின் லினக்ஸ் கணினியில் நிறுவும்போதுதான் இது வெளிப்படும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை. இதோடு, 8.6-ல் அச்சிடும் வசதியும் கிடையாது. கேன்வாஸ் என்னும் வரைபரப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக் கோப்பாக எழுதித் தருவதோடு சரி. ஆங்கிலத்தில் மட்டும் இயங்கும் சிறு கருவிக்கு டிகின்டர் நல்ல தேர்வுதான். தமிழ்ப் பயனருக்குப் போகும் செயலிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். விளையாட்டு உருவாக்கத்தில் புகழ்பெற்ற டியர் இம்குயியும் ஷேப்பிங் இல்லாதது. அதில் தமிழ் எந்த இயங்குதளத்திலும் உடையும்.

சோதிப்பதற்கு இந்தச் சொற்களை வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்ரீவைகுண்டம், பொள்ளாச்சி, கௌரி, தூத்துக்குடி, க்ஷேத்திரம், பேரூர். லேபிளில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. உள்ளீட்டுப் பெட்டி, அட்டவணைக் கட்டம், அட்டவணைத் தலைப்பு, மெனு, சாளரத் தலைப்பு, அச்சு, பிடிஎஃப் என ஒவ்வோரிடத்திலும் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒரே லைப்ரரியிலும் ஓரிடம் சரியாக இருந்து இன்னோரிடம் உடைவது உண்டு. பிறகு உள்ளீட்டுப் பெட்டியில் அம்புவிசையால் கர்சரை நகர்த்துங்கள். ‘பொ’ என்பதன் நடுவே கர்சர் நிற்கக் கூடாது. ‘கு’-வின் பின்னால் பேக்ஸ்பேஸ் அடித்தால் உகரக்குறி மட்டும் போய் க மிஞ்சுவதும், முன்னால் நின்று டெலீட் அடித்தால் எழுத்து முழுவதும் போவதும் பிழை அல்ல. தமிழ் தட்டச்சுக்கு அதுவே வசதி.

எழுத்துருவின் பெயரை நிரலில் இறுகக் கட்டிவிடாதீர்கள். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10-ல் விருப்பத் தொகுப்பாகப் பிரித்து வைக்கப்பட்டுவிட்டது; புதிதாக நிறுவிய கணினியில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ இருக்கிறது. இன்னும் பாதுகாப்பானது, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செயலியோடே அனுப்பி, தொடங்கும்போது ஏற்றிக்கொள்வது. அதன் உரிமம் இதை அனுமதிக்கிறது.

நீளக் கட்டுப்பாட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘திருநெல்வேலி’ நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு. யுடிஎஃப்-8-ல் 36 பைட். உள்ளீட்டுப் பெட்டிக்கு ‘அதிகபட்சம் 20’ என்று வைத்தால் பெரும்பாலான லைப்ரரிகள் குறியீட்டைத்தான் எண்ணும். பத்துப் பதினோரு எழுத்தில் பெயர் வெட்டுப்படும், கடைசி எழுத்தின் புள்ளி தொலைந்து ‘ன்’ ‘ன’ ஆகிவிடும். தேடலில் வேறொரு சிக்கல். ‘கோ’ என்பதை க, ஓகாரக்குறி என்று இரண்டு குறியீடாகவும், க, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஆகவே தரவுத்தளத்தில் எழுதும் முன்பும், தேடும் முன்பும் உரையை என்எஃப்சி என்னும் ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைதானிலும், க்யூட்டி லைப்ரரியிலும், மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டிலும் இதற்கு ஒரு வரி போதும்.

அகரவரிசையும் தானாக வந்துவிடாது. யூனிகோட் அட்டவணையில் ழ-வுக்கு அடுத்து வ வருகிறது. நம் நெடுங்கணக்கில் வ முதலில், ழ பிறகு. குறியீட்டு வரிசைப்படி அடுக்கினால் ‘பழனி’ ‘பவானி’க்கு முன்னால் வந்துவிடும். புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முன் வர வேண்டும் என்பதும் தலைகீழாகும்: ‘கண்ணன்’ முதலில் வராமல் ‘கணபதி’ வரும். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் தன் போக்கில் வரிசைப்படுத்தும்போது நடப்பது இதுவே. க்யூட்டியில் வரிசைப்படுத்தும் கொலேட்டர் வகுப்புக்குத் தமிழ் லொக்கேலை (மொழி அமைப்பை) கொடுத்தோ, பிற இடங்களில் பன்மொழி உரைக்கான ஐசியு லைப்ரரியைக் கொண்டோ வரிசைப்படுத்தி, இந்த இரண்டு ஜோடிகளையும் ஒவ்வோர் இயங்குதளத்திலும் சரிபார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் பொதுத் தேர்வு எது என்று கேட்டால், எங்கள் பதில் க்யூட்டி, அதிலும் க்யூட்டி விட்ஜெட்ஸ். நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் 1995-ல் வெளியிட்டது. விஎல்சி, ஓபிஎஸ் ஸ்டுடியோ, கிரிட்டா, க்யூஜிஐஎஸ் ஆகியவை இதில் எழுதப்பட்டவை. ஹார்ஃப்பஸைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் மூன்று இயங்குதளங்களிலும் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஆனால் உரிமத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

க்யூட்டியின் பெரும்பகுதி எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கிடைக்கிறது. மூலநிரலைத் தராமல் செயலியை விற்கலாம். ஆனால் க்யூட்டியைப் பயன்படுத்துவதாகத் தெரிவிக்க வேண்டும், உரிமத்தின் உரையை உடன் வைக்க வேண்டும், க்யூட்டியின் மூலநிரல் பயனருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும், க்யூட்டி கோப்புகளைப் பயனர் வேறு பதிப்பால் மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். அதனால்தான் டிஎல்எல் கோப்புகளாகத் தனியே இணைப்பது நல்லது. ஒரே கோப்பாக ஸ்டாட்டிக் முறையில் கட்டினால் மறு இணைப்புக்குரிய ஆப்ஜெக்ட் கோப்புகளையும் தர வேண்டிவரும். க்யூட்டி சார்ட்ஸ், மெய்நிகர் விசைப்பலகை போன்ற சில பகுதிகளுக்கு எல்ஜிபிஎல் கிடையாது. அவை ஜிபிஎல் (செயலியின் மூலநிரலையும் பயனருக்குத் தரச் சொல்லும் உரிமம்) அல்லது வணிக உரிமம் மட்டுமே. வரைபடம் காட்ட வேண்டும் என்று சார்ட்ஸை ஒரு வரியில் சேர்த்தால், செயலி முழுவதன் உரிமக் கணக்கும் மாறிவிடுகிறது. பைதானிலும் இதே கவனம் தேவை. பைதானிலிருந்து க்யூட்டியை அழைக்க இரண்டு தொகுப்புகள் உண்டு. பைக்யூட்டி ஜிபிஎல் அல்லது வணிக உரிமம். பைசைட்6 எல்ஜிபிஎல். நிரல் எழுதும் விதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூலநிரலைத் தர விரும்பாதவர் பைசைட்6-ஐ எடுக்கட்டும். மூலநிரலோடு கொடுப்பவர் எதையும் எடுக்கலாம். ஜிபிஎல் மென்பொருளுக்கும் காசு வாங்கலாம் என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

க்யூட்டி ஒருநாள் முழுக்க வணிகமயமாகிவிடுமோ என்ற அச்சத்துக்கு ஓரளவு பதில் உண்டு. 1998-ல் கேடிஇ ஃப்ரீ க்யூட்டி ஃபவுண்டேஷன் அமைக்கப்பட்டது. 12 மாதங்களுக்குக் கட்டற்ற பதிப்பு வெளிவராமல் போனால், க்யூட்டியை பிஎஸ்டி பாணியிலான, கட்டுப்பாடு குறைந்த உரிமத்தில் வெளியிடும் உரிமை அதற்கு ஒப்பந்தப்படி உண்டு. ஆனால் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளின் பிந்தைய திருத்தங்கள் 2020 அறிவிப்புக்குப் பிறகு வணிக உரிமம் பெற்றவர்களுக்கே முதலில் கிடைக்கின்றன. கட்டற்ற பதிப்பில் இருப்போர் புதிய பதிப்புகளுக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

பயனரின் கணினியை நேரில் பாருங்கள். க்யூட்டி 6-க்கு விண்டோஸ் 10 வேண்டும். பைசைட்6 64 பிட்டுக்கு மட்டுமே. விண்டோஸ் 7 இன்னும் ஓடும் இடமென்றால் பைதான் 3.8-தான் கடைசிப் பதிப்பு, அதோடு பைசைட்2-ம் க்யூட்டி 5.15-ம். நிறுவிய பின் ‘விண்டோஸ் பிளாட்ஃபார்ம் பிளகின்னை ஏற்ற முடியவில்லை’ என்று செயலி நின்றால், பிளாட்ஃபார்ம்ஸ் கோப்புறையும் அதிலுள்ள டிஎல்எல்லும் உடன் போகவில்லை என்று பொருள். சி++ செயலிக்கு வின்டிப்ளாய்க்யூட்டி கருவியை ஓட்டினால் அது தானே எடுத்து வைக்கும். பைதான் செயலியை நிறுவத்தக்க வடிவில் கட்டும் பைஇன்ஸ்டாலரில் ஒற்றைக் கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டுங்கள். ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் தன்னை விரித்துக்கொள்வதால் திறக்க நேரமாகும், வைரஸ் தடுப்பானும் அதைச் சந்தேகித்துத் தடுக்கும். லினக்ஸில் எஃப்சிட்டிக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவி வழியே தட்டச்சு செய்பவருக்கு, பைதானின் தொகுப்பு நிறுவியான பிப் மூலம் நிறுவிய பைசைட்6-ல் தமிழ் உள்ளீடு வேலை செய்யாமல் போகலாம். அந்தத் தொகுப்போடு எஃப்சிட்டிக்ஸ் பிளகின் வருவதில்லை.

அட்டவணையில் க்யூட்டி இரண்டு வழி தருகிறது. டேபிள் விட்ஜெட் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருளை உருவாக்கும். 50,000 வரி, 8 பத்தி என்றால் 4,00,000 பொருள்கள், திரை திணறும். டேபிள் வியூவோடு, அதற்குத் தரவு வழங்கும் மாடலை எழுதினால், கண்ணுக்குத் தெரியும் வரிகளுக்கு மட்டுமே தரவு கேட்கப்படும். எஸ்க்யூலைட்டை எஸ்க்யூஎல் டேபிள் மாடலில் இணைத்ததும் ‘மொத்தம் 256 வரி’ என்று காட்டினால் பதற வேண்டாம். அது துண்டுதுண்டாக எடுத்துவருகிறது. எண்ணிக்கை தேவையென்றால் மிச்சத்தையும் எடுக்கச் சொல்லும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கவோ, தரவுத்தளத்திடம் தனியாகக் கேட்கவோ வேண்டும்.

எந்த லைப்ரரியானாலும் ஒரு விதி பொது: திரையைத் தொடுவது முதன்மை த்ரெட் (செயலிக்குள் ஓடும் முதன்மை வேலைச்சரடு) மட்டுமே. 5 விநாடி செய்திகளுக்குப் பதில் தராத சாளரத்தை விண்டோஸ் ‘பதிலளிக்கவில்லை’ என்று குறித்துவிடும். நீண்ட வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்பி, முடிவை க்யூட்டியில் சிக்னல் மூலமும், கீழே சொல்லும் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸில் கால்ஆஃப்டர், ஜிடிகேவில் ஐடில்ஆட், வின்ஃபார்ம்ஸில் இன்வோக் மூலமும் திருப்பி அனுப்ப வேண்டும். வேறு த்ரெட்டிலிருந்து லேபிளை நேராக மாற்றினால் உங்கள் கணினியில் ஓடும், வாடிக்கையாளர் கணினியில் எப்போதாவது காரணம் தெரியாமல் விழும்.

விண்டோஸுக்கு மட்டுமே எழுதுகிறீர்கள் என்று உறுதியானால் 2002-ல் வந்த, மைக்ரோசாஃப்டின் வின்ஃபார்ம்ஸ் இன்றும் குறைந்த உழைப்பில் நிறையத் தருகிறது. டபிள்யூபிஎஃப் 2006-லிருந்து இருக்கிறது. சில்வர்லைட், யுடபிள்யூபி என்று இடையில் வந்தவை மங்கிப்போயின. வின்ஃபார்ம்ஸும் டபிள்யூபிஎஃப்பும் 2019-ல் டாட்நெட் கோர் 3.0-க்கு எடுத்துவரப்பட்டு இன்றைய டாட்நெட்டிலும் தொடர்கின்றன. புதியது என்பதற்காக மட்டும் ஒன்றை எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இந்த வரலாறே காரணம்.

டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே எடுத்து வைக்கிறது. உரிமம் தாராளமானது, ஸ்டாட்டிக் இணைப்புக்கும் தடையில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் கட்டற்ற திரைவாசிப்பானான என்விடிஏவின் சொந்தத் திரைகளே டபிள்யூஎக்ஸ்பைதானில் எழுதப்பட்டவை. பார்வையற்ற ஊழியர் இருக்கும் அலுவலகத்துக்கு எழுதுவோர் இதை முதலில் பரிசீலிக்க வேண்டும், டிகே 8.6-ன் பொத்தான்கள் திரைவாசிப்பானுக்குப் புலப்படுவதே இல்லை. குறை என்றால், லினக்ஸில் பிப் மூலம் நிறுவும்போது ஆயத்தத் தொகுப்பு கிடைக்காமல் மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்கிவிடும். உங்கள் டிஸ்ட்ரோவின் சொந்தத் தொகுப்பை நிறுவிக்கொள்வது நல்லது.

ஜிடிகே, லினக்ஸின் நோம் திரைச்சூழலில் ஓடும் செயலிக்கு ஏற்றது. உரையை அமைக்கும் பாங்கோவும் ஹார்ஃப்பஸும் இருப்பதால் தமிழுக்குக் குறையில்லை. விண்டோஸுக்கு எடுத்துப்போக எம்சிஸ்2 என்ற கட்டமைப்புத் தொகுப்பு வழியாகப் பெரிய கோப்புமூட்டையைச் சுமக்க வேண்டும். பழைய பாடங்களைப் பார்த்து ஜிடிகே 4-ல் பட்டியல் காட்டும் ட்ரீவியூவைப் பயன்படுத்தாதீர்கள், 4.10-லிருந்து அது கைவிடப்பட்ட பட்டியலில் இருக்கிறது, காலம்வியூதான் மாற்று. ஜாவாவில் ஸ்விங் 9-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் பயன்படுத்துவதால் தமிழ் நன்றாகவே வரும். ஜாவாஎஃப்எக்ஸ் 11-ஆம் பதிப்பிலிருந்து ஜாவாவின் உருவாக்கத் தொகுப்பான ஜேடிகேவில் இல்லை, தனியாக இணைக்க வேண்டும்.

இணையப்பக்கம் போல டெஸ்க்டாப் செயலி எழுத உதவும் எலக்ட்ரானைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். தமிழ் வரைவதில் அதில் குறை காண முடியாது. உள்ளே இருப்பது குரோமியம் உலாவி. விஎஸ் கோட் அதில் ஓடுகிறது. ஆனால் ஒரு பொத்தான் கொண்ட செயலியும் நிறுவிய பின் 200 எம்பியைத் தாண்டும். 4 ஜிபி நினைவகக் கணினியில் உலாவியும் இதுவும் சேர்ந்து ஓடினால் பயனர் காத்துக்கொண்டுதான் இருப்பார். இதைவிடப் பெரியது பாதுகாப்பு. எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, கடைசி மூன்றுக்கு மட்டுமே திருத்தம். ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் வேலைக்கு இது பொருந்தாது. இதே வகையைச் சேர்ந்த டௌரி, இயங்குதளத்தின் உலாவிப்பகுதியையே பயன்படுத்துவதால் அளவு மிகக் குறைவு. ஆனால் விண்டோஸில் வெப்வியூ2, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே என்று இரண்டு வேறு பொறிகளில் திரையைச் சோதிக்க வேண்டும். இணையம் இல்லாத விண்டோஸ் 10 கணினிக்கு வெப்வியூ2 நிறுவியையும் உடன் கொடுத்தனுப்புங்கள்.

அச்சு எல்லோரும் கடைசியில் நினைப்பது. கடைகளின் வெப்ப அச்சுப்பொறிகள் எழுத்து முறையில் தமிழை அறியாதவை. நேராகத் தமிழ் அனுப்பினால் கேள்விக்குறியோ குப்பையோ அச்சாகும். ரசீதைப் படமாக வரைந்து அனுப்புவதே வழி. 80 மி.மீ. தாளுக்கு 203 டிபிஐ பொறியில் பொதுவாக 576 புள்ளி அகலம், 58 மி.மீ. தாளுக்கு 384. ஆகவே லைப்ரரிக்குத் திரை இல்லாமலே நினைவகத்திலுள்ள படத்தின்மேல் ஷேப்பிங்கோடு எழுதத் தெரிய வேண்டும். க்யூட்டியில் இமேஜும் பெயின்டரும், ஜிடிகே பக்கம் பாங்கோவும் கைரோவும், டபிள்யூஎக்ஸில் மெமரிடிசி இதைச் செய்கின்றன. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது எழுத்தின் ஓரம் மழுங்காதபடி ஓரத்தை மென்மையாக்கும் ஆன்டிஅலையாஸை அணைத்து, தடித்த எழுத்தில் வரையுங்கள். இல்லாவிட்டால் ன-வும் ண-வும் தாளில் பிரித்தறிய முடியாமல் போகும். ஏ4 பிடிஎஃப் என்றால் உருவான கோப்பிலிருந்து உரையை நகலெடுத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குச் சரியாக இருந்தும் நகலில் கொம்பு இடம் மாறி நிற்பது உண்டு. அந்த ஆவணத்தைப் பின்னால் தேட முடியாது.

கணினி அறிவியல் துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டப்பணியை மதிப்பிடும்போது செயலியை மாணவரின் மடிக்கணினியில் மட்டும் பார்க்காதீர்கள். நிரலாக்கக் கருவி எதுவும் நிறுவாத வேறொரு கணினியில் நிறுவச் செய்து, மேலே கொடுத்த ஆறு சொற்களைத் தட்டச்சு செய்யவும், பவானி, பழனி, கண்ணன், கணபதி நான்கையும் வரிசைப்படுத்தவும், ஒரு பக்கம் அச்சிடவும் சொல்லுங்கள். உரிமக் கோப்பு உடன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தச் சோதனை திட்டப்பணியின் முதல் வாரத்திலேயே, ஒரு பெட்டியும் ஒரு அட்டவணையும் கொண்ட மாதிரித் திரையில் நடந்துவிட்டால், லைப்ரரியை மாற்ற அப்போது ஒருநாள் வேலைதான் ஆகும்.

இப்படிக்கு,
டெஸ்க்டாப் மென்பொருள் உருவாக்குநர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.